சோ நைங்கின் நாற்பத்தொரு மாலைகள்

திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து இருபதுக்கு ஹாஸ்டல் முற்றத்தில் சுடப்பட்டு, மருந்தகத்துப் படிக்கட்டில் உயிரை விட்டு, சிப்பாய்கள் கொண்டுவந்த லாரியில் ஏற்றிக்கொண்டு போகப்பட்ட சோ நைங், புதன்கிழமை காலை எட்டு மணி வகுப்புக்கு வந்து, இரண்டாவது பெஞ்சின் சன்னலோரத்தில் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தான். தலை ஈரமாக இருந்தது. அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவன் மாதிரி சீவியிருந்தான். நீலக்கோடு போட்ட சட்டையில், இடது காறை எலும்புக்குக் கீழே, ஒரு விரல் நுழைகிற அளவுக்கு வட்டமாக ஓட்டை இருந்தது. ஓட்டையைச் சுற்றி ரத்தம் இல்லை. பக்கத்து இடத்துக்காரனான குணசீலனைப் பார்த்து, நேற்றைக்கு என்ன பாடம் நடந்தது, தூங்கிவிட்டேன் போலிருக்கிறது, நோட்டைக் கொடு என்று கேட்டான்.

குணசீலன் நோட்டைக் கொடுத்தான். வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

பொருள்களின் வலிமை என்ற பாடத்தை நடத்தும் ஊ பா தௌங், முப்பது வருஷமாக அந்தக் கல்லூரியில் வாத்தியாராக இருந்தவர், வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர்களை வாசித்துக்கொண்டே வந்து, சோ நைங் பெயரை மட்டும் தாண்டிப் போக வேண்டும் என்று முந்தின நாள் முழுக்க மனசைத் திடப்படுத்தி வைத்திருந்தவர், பழக்கதோஷத்தில் அதையும் வாசித்துவிட்டார். சோ நைங் "ஷிபாடே, ஸயா" என்றான். பர்மிய மொழியில் வந்திருக்கிறேன் என்பதற்கும் இருக்கிறேன் என்பதற்கும் ஷிபாடே என்ற ஒரு சொல்தான்; ஸயா என்றால் ஐயா. ஊ பா தௌங் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டு, உத்திரத்தின் மேல் பாரம் ஏற்றினால் அது எங்கே வளையும், எங்கே முறியும் என்று பாடம் நடத்தத் தொடங்கினார். அன்றைக்கு அவர் போர்டில் எழுதிய எழுத்துகள் மட்டும் கொஞ்சம் கோணலாக இருந்தன.

அது ரங்கூனுக்கு வெளியே இருந்த ஒரு பொறியியல் கல்லூரி. குணசீலன் அங்கே சிவில் கடைசி வருஷம். அவன் அப்பா ஏகாம்பரம் நெல் ஆலையில் எஞ்சின் ஓட்டுகிறவர். மற்ற தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் கப்பலேறி மெட்ராஸுக்குப் போனபோது, இந்த எஞ்சினை விட்டால் எனக்கு வேறொன்றும் தெரியாது என்று தங்கிவிட்டவர். பதிவேட்டில் குணசீலனுக்கு 'தான் லுவின்' என்று ஒரு பர்மியப் பெயர். சோ நைங் மட்டும் அவனை குணா என்று கூப்பிடுவான். ஐராவதி டெல்டாவிலிருந்து படகில் வந்து சேர்ந்த அவனும், நெல் ஆலைக் குடியிருப்பிலிருந்து வந்த இவனும் நான்கு வருஷமாக ஒரே அறையில் கிடந்தவர்கள். ஒருவன் கைலியை இன்னொருவன் கட்டிக்கொள்வான். ஒருவன் வரைபடத்துக்கு இன்னொருவன் மை போட்டுக் கொடுப்பான்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் மிச்சம் தெரிந்தது. ஐந்தே கால் ஆனதும் பேசிக்கொண்டிருந்த பேச்சைப் பாதியில் விட்டு, யாரோ கூப்பிட்ட மாதிரி எழுந்து, பட்டறைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவில் இருக்கிற முற்றத்துக்கு சோ நைங் போனான். ஐந்து இருபதுக்கு வெடிச்சத்தம் கேட்டது. சுடுவதற்கு அங்கே யாருமில்லை, துப்பாக்கியும் இல்லை. ஆனாலும் கேட்டது. சோ நைங் மடங்கி விழுந்தான். நீலக்கோட்டுச் சட்டை சிவந்தது. திங்கட்கிழமை எந்த நான்கு பேர் அவனைத் தூக்கினார்களோ அந்த நான்கு பேரே டிராயிங் ஹாலுக்கு ஓடி, திங்கட்கிழமை எந்தப் பலகையில் தூக்கினார்களோ அதே பலகையை, ஆறடி வரைபட மேசையின் மேல்பலகையை, கழற்றிக்கொண்டு வந்து அவனைப் படுக்கவைத்து மருந்தகத்துக்குத் தூக்கிப் போனார்கள். மூன்றாவது படிக்கட்டில் உயிர் போனது. கம்பவுண்டர் கண்ணை மூடிவிட்டுக் கட்டிலில் கிடத்திக் கதவைச் சாத்தினார். காலையில் கட்டில் காலியாக இருந்தது. எட்டு மணிக்கு, தலை ஈரத்தோடு, சோ நைங் வகுப்பில் இருந்தான்.

இப்படியே நடந்தது. பகல் பூராவும் அவன் எல்லோரையும் போல இருந்தான். சாயங்காலம் நடந்ததில் ஒன்றுகூட அவனுக்கு நினைவில்லை. சுடப்பட்ட திங்கட்கிழமையைப் பற்றி, மத்தியானம் சாப்பிட்ட மொய்ங்கா நூடுல்ஸில் மீன் போதவில்லை என்பது வரைக்கும்தான் நினைவிருந்தது; பிறகு வந்த பகல்கள் எல்லாம் நினைவிருந்தன.

ஒரு வாரத்துக்குள் கல்லூரி அதைத் தன் நேர அட்டவணையில் சேர்த்துக்கொண்டது. தேர்வுத் தேதியும் தண்ணீர் வரும் நேரமும் ஒட்டுகிற பலகையில், எந்தச் சாயங்காலம் எந்த நான்கு பேர் தூக்க வேண்டும் என்று ஒரு தாள் ஒட்டப்பட்டது. யாரும் முறையைத் தவறவிடவில்லை. கால்பந்துக்காரர்கள் ஆட்டத்தை ஐந்து மணிக்கே முடித்துக்கொண்டார்கள். சமையற்காரர் முற்றத்துப் பக்கத்துச் சன்னலுக்குச் சாக்கு கட்டினார். கூடப் படித்த பெண்கள் இரண்டு பேர் ஒருநாள் அவன் சட்டை ஓட்டையை அதே நீல நூலில் கண்ணுக்குத் தெரியாமல் தைத்துக் கொடுத்தார்கள். சாயங்காலம் தையல் பிரிந்தது. மறுநாள் மறுபடியும் தைத்தார்கள். அப்புறம் தைக்கவில்லை. குணசீலன் மட்டும் முறைத்தாளைப் பார்க்கவில்லை. தினமும் தலைமாட்டில் இடது மூலையை அவனேதான் பிடித்தான். அதை யாரும் கேட்கவுமில்லை.

பத்தாம் நாள் சோ நைங்கின் அம்மா வந்தாள். டோ மியா ஸின் என்று பெயர். கணவன் இல்லாதவள், ஆற்றில் வலை போட்டு மகனைப் படிக்கவைத்தவள். உன் பிள்ளை செத்துவிட்டான் என்று ஒரு தந்தியும், உன் பிள்ளை வகுப்பில் இருக்கிறான் என்று இன்னொரு தந்தியும் ஒரே நாளில் கிடைத்து, இரண்டையும் இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு படகு மாறி வந்திருந்தாள். மகனைக் கண்டதும் அழவில்லை. கன்னத்தைத் தடவினாள், சட்டை ஓட்டையைப் பார்த்தாள், அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பக்கத்துக் கிராமத்தில் தெரிந்தவர் வீட்டில் தங்கி, தினமும் காலையில் சோறும் மீன் குழம்பும் கொண்டுவந்து, அவன் சாப்பிடுவதைப் பார்த்திருந்து, நாலு மணி பஸ்ஸில் திரும்பிப் போனாள். ஒரு நாளும் அந்த பஸ்ஸைத் தவறவிட்டதில்லை. சாயங்காலத்தைப் பற்றி அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று ஹாஸ்டல் முழுக்க ஒரு பேச்சு இருந்தது.

அவளுக்குப் பின்னால் வந்தது விசாரணைக் குழு.

கல்லூரியில் சோ நைங் விழுந்த அதே வாரம் நகரத்தில் இன்னும் பலர் விழுந்திருந்தார்கள். எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. கண்டுபிடிக்கத்தான் குழு என்று சொன்னார்கள். குழுவின் அதிகாரி ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஜீப்பில் வந்து, பதிவேட்டை வாங்கிப் பார்த்து, சோ நைங்கை எதிரே உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, உடம்புக்கு ஏதாவது தொந்தரவா என்று விசாரித்தார். ஒரு தொந்தரவும் இல்லை என்றான் அவன். கையெழுத்து வாங்கினார்கள், போட்டோ எடுத்தார்கள். ஐந்தரை வரைக்கும் இருந்து பாருங்கள் என்று மாணவர்கள் ஜீப்பை மறித்துக் கெஞ்சினார்கள். ஊ பா தௌங்கே முன்னால் வந்து, அறுபது வயது ஆள், கைகட்டிக் கேட்டார். அலுவலகம் நாலு மணியோடு முடிகிறது என்றார் அதிகாரி.

மறுநாள் பத்திரிகையில், தேநீர்க் கோப்பையோடு சிரிக்கிற சோ நைங்கின் படம் முதல் பக்கத்தில் வந்தது. செத்ததாகப் புரளி கிளப்பப்பட்ட மாணவன் நலமாகப் படித்துக்கொண்டிருக்கிறான், மற்றவர்களைப் பற்றிய பேச்சும் இதே ரகம்தான், யாரும் சாகவில்லை என்று படத்துக்குக் கீழே எழுதியிருந்தது.

அந்தப் பத்திரிகைத் துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கல்லூரி வாசலுக்கு வந்தார். அவருடைய பதினேழு வயது மகள் அந்த வாரம் பாலத்தடியில் காணாமல் போனவள். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் இந்தப் படத்தைக் காட்டி, இவனும் இப்படித்தான் செத்தான் என்றார்கள், உன் மகளும் எங்காவது ஓடிப்போயிருப்பாள், வீட்டில் தேடு என்று அனுப்பிவிடுகிறார்கள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அந்தப் பையனை ஒரு தடவை பார்க்கலாமா என்று மட்டும் கேட்டார். குணசீலன் கூட்டிப்போனான். சோ நைங் எழுந்து நின்று மரியாதையாகப் பேசினான், உங்கள் மகள் கட்டாயம் கிடைப்பாள் என்று ஆறுதல் சொன்னான். வாத்தியார் அவன் சட்டை ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நல்லா இருப்பா என்று சொல்லிவிட்டு நடந்து போனார்.

அன்றிலிருந்து குணசீலனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆலைக் குடியிருப்புக்குப் போய், சோ நைங்கிடமே எல்லாவற்றையும் சொல்லி, சாயங்காலம் அவனை அந்த அதிகாரி முன்னால் கூட்டிப்போகப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னான். ஏகாம்பரம் எஞ்சின் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டார். நம்மிடம் இருப்பது அயலான் அட்டை, வருஷா வருஷம் போய்ப் புதுப்பிக்கிற அட்டை, இவர்கள் பிள்ளை செய்தால் ஜெயில், நாம் செய்தால் கப்பல், அந்தக் கப்பலும் இப்போது ஓடுவதில்லை என்று கணக்காகச் சொன்னார். கடைசியில், மகன் கிளம்பும்போது, "உன்னை வேண்டாங்கிறதுக்கு எனக்கு வாய் வரலைப்பா" என்றார்.

நாற்பத்தொன்றாம் நாள் மத்தியானம், டோ மியா ஸின் பாத்திரங்களைக் கழுவக் குழாயடிக்குப் போயிருந்த நேரம், பட்டறை வராந்தாவில் வைத்து குணசீலன் சொன்னான். ஒன்றையும் விடாமல் சொன்னான். சோ நைங் விரலை ஓட்டைக்குள் விட்டுத் துழாவியபடி, வாத்தியார் கணக்குச் சொல்லும்போது கேட்பது போலவே கேட்டான்.

"தினமுமா?"

"தினமும்."

"வலிக்குதாடா எனக்கு?"

"வலிக்குது. தண்ணி கேப்ப."

"குடுக்கிறீங்களா?"

"மொத நாள் குடுக்கலை. குடுத்தா உசுருக்கு ஆபத்துன்னு கம்பவுண்டர் சொன்னாரு. ரெண்டாவது நாள்ல இருந்து குடுக்கிறோம்."

சோ நைங் முற்றத்தைப் பார்த்தான். ஒரு நாய் அங்கே குறுக்கே நடந்து போயிற்று. பிறகு, அந்த வாத்தியாரிடம் மகள் கிடைப்பாள் என்று சொன்னேனே என்றான். எவ்வளவு மடையன் மாதிரி பேசியிருக்கிறேன் என்றான். எழுந்து கைலியை இறுக்கிக் கட்டினான்.

"இன்னிக்கே அந்த அதிகாரிகிட்ட போயிரலாம் குணா. நாளைக்கு இது எனக்கு ஞாபகம் இருக்குமோ என்னமோ. அம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம்."

பலகையைக் கழற்றிக்கொண்டு, குணசீலனையும் சேர்த்து நான்கு பேர் வந்தார்கள். டோ மியா ஸின் கழுவிய பாத்திரங்களோடு எதிரே வந்தாள். டவுனில் ஒரு பாலத்தைப் பார்த்துப் படம் வரையப் போகிறோம் என்று சோ நைங் சொன்னான். அவள் அவன் சட்டையின் மேல் பித்தானைப் போட்டுவிட்டாள். பலகை எதுக்கு என்று குணசீலனைக் கேட்டாள். அளக்கிறதுக்கு என்றான் அவன்.

பிக்கப் வண்டியின் கூரையில் பலகையைக் கட்டிக்கொண்டு மூன்றரைக்கு விசாரணை அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பெரிய கட்டடம், வீதியைப் பார்த்து அகலமான பதினைந்து படி, எதிரே பஸ் நிறுத்தம். அதிகாரி சோ நைங்கைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டு மறுபடி தேநீர் வரவழைத்தார். ஐந்து இருபது வரைக்கும் என்கூட இருங்கள், ஸயா, அது போதும் என்றான் சோ நைங். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு அடித்ததும் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். காவல்காரன் கதவைப் பூட்டினான்.

சோ நைங் மேல்படியில் உட்கார்ந்தான். நான்கு பேரும் பலகையைச் சுவரில் சாத்திவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பொழுது சாயச்சாய எதிரே பஸ் நிறுத்தம் நிரம்பியது. அலுவலகக் குமாஸ்தாக்கள், நூல் ஆலைப் பெண்கள், பலாப்பழம் விற்கிறவள், இரண்டு பிக்குகள், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளையைக் கூட்டிப் போகிற அம்மாக்கள் என்று இருநூறு பேருக்கு மேல் இருக்கும். பத்திரிகையில் வந்த முகம் என்று சிலருக்கு அடையாளம் தெரிந்து விரல் நீட்டிக் காட்டினார்கள். சோ நைங் பேசிக்கொண்டே இருந்தான். முதல் வருஷம் சீனியர்கள் அவனைச் சாப்பாட்டு மேசை மேல் ஏற்றிப் பாடச் சொன்னதையும், குணசீலன் வரைந்த அணைக்கட்டில் தண்ணீர் மேல்நோக்கி ஓடியதையும், மழைக்காலத்தில் ஹாஸ்டல் அறைக்குள் கெளுத்தி மீன் பிடித்ததையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அவர்களும் சிரித்தார்கள். ஐந்தே கால் ஆனபோது சிரிப்பு நின்றது.

"எல்லாருக்கும் தெரியுற மாதிரி நிக்கணும்" என்று சோ நைங் எழுந்து படியின் நடுவுக்குப் போனான்.

வெடிச்சத்தம் வீதி முழுக்கக் கேட்டது. புறாக்கள் கூரையிலிருந்து கிளம்பின. பிக்குகளும் குமாஸ்தாக்களும் அம்மாக்களும் பார்த்துக்கொண்டிருக்க, பத்திரிகையில் நலமாக இருந்தவன் மடங்கி, நான்கு படி உருண்டு, ரத்தத்தில் கிடந்தான். தண்ணீர் கேட்டான். பலாப்பழக்காரி ஓடிவந்து தன் செம்பிலிருந்து கொடுத்தாள். நான்கு பேரும் அவனைப் பலகையில் ஏற்றித் தோளுக்குத் தூக்கி, பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு மைல், வீதியின் நடுவில் நடந்தார்கள். பஸ்கள் நின்றன. ஒருவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் நடக்கத் தொடங்கினார், பிறகு இன்னொருவர், பிறகு வீதியே செருப்பில்லாமல் நடந்தது. பாதி வழியில் உயிர் போயிற்று. குணசீலனுக்கு அது தோளில் தெரிந்தது. மற்றவர்களிடம் சொல்லாமல் நடந்தான். ஆஸ்பத்திரி வாசலில் லாரி நின்றிருந்தது. இந்தத் தடவையும் உடலைத் தரவில்லை.

மறுநாள் எட்டு மணிக்கு ஊ பா தௌங் பெயர்களை வாசித்தார். சோ நைங் பெயரை வாசித்துவிட்டு நிறுத்தினார். மறுபடி வாசித்தார். வகுப்பு எழுந்து நின்றது. அவர் பேனாவை எடுத்து, வரவில்லை என்று குறித்துவிட்டு, பாடம் நடத்தாமல் வெளியே போனார்.

டோ மியா ஸின் ஒன்பது மணிக்குச் சோற்றுப் பாத்திரத்தோடு வந்தாள். வாசலில் குணசீலன் காத்திருந்தான். அவன் வாய் திறப்பதற்குள், தெரியும் என்றாள். முதல் நாளே சமையற்காரர் சன்னலுக்குக் கட்டிய சாக்கைப் பார்த்தபோதே தெரியும் என்றாள். தெரிந்ததால்தான் நாலு மணி பஸ், அதைப் பார்க்கிற திராணி எனக்கு இல்லை, காலையில் கிடைக்கிறவனை வைத்துக்கொண்டு சாகிற வரைக்கும் இருந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன் என்றாள்.

"பலகை எதுக்குன்னு கேட்டேன். அளக்கன்னு சொன்ன. நெசத்தைச் சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேன். என் மடியில போயிருப்பான்."

சோற்றை நாய்க்குப் போட்டுவிட்டுப் போனாள்.

பத்திரிகையில், சோ நைங் என்ற மாணவன் நேற்று இதய நோயால் திடீரென இறந்தான் என்று நாலு வரி வந்தது. நாளும் தப்பு, நோயும் தப்பு. ஆனால் இறந்தான் என்ற சொல் இருந்தது, அவன் படத்தைக் காட்டி யாரையும் திருப்பி அனுப்ப அதற்கப்புறம் முடியவில்லை. பள்ளிக்கூட வாத்தியாருக்கு மகள் பெயர் போட்டு, மரணம் என்று எழுதி, முத்திரை குத்திய தாள் ஒன்று ஐந்து மாதம் கழித்துக் கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு அவர் சிறைச்சாலைக்கு வந்து, கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்த குணசீலனுக்குக் காட்டினார். அந்த ஊர்வலத்துக்காக குணசீலன் இரண்டு வருஷம் உள்ளே இருந்தான். கல்லூரியை மூன்று வருஷம் மூடி வைத்தார்கள். ஏகாம்பரம் அந்த மூன்று வருஷத்துக்குள் ஆலையிலேயே செத்துப்போனார்.

இப்போது அந்த வகுப்பில் படித்தவர்கள் சிங்கப்பூரிலும் சிட்னியிலும் மாண்டலேயிலும் இருக்கிறார்கள். வருஷம் ஒரு தடவை, டிசம்பரில், ரங்கூனில் ஒரு மண்டபம் பிடித்து, உயிரோடு இருக்கிற வாத்தியார்களை வரிசையாக உட்காரவைத்துக் காலில் விழுந்து வணங்குவார்கள். மண்டபத்தில் ஹாஸ்டல் பேச்சுத்தான், ஒரே சிரிப்புத்தான். வாத்தியார்கள் வரிசையின் கடைசி நாற்காலி டோ மியா ஸின்னுக்கு. எல்லோருடைய வணக்கத்தையும் அவள் வாங்கிக்கொள்வாள். பாலம் கட்டுகிற கம்பெனியில் வேலை பார்த்துத் தலை நரைத்துப்போன குணசீலன் குனியும்போது மட்டும் பாதங்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொள்வாள். அவன் வெறும் தரையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவான். இருபத்தெட்டு வருஷம் அப்படித்தான்.

போன டிசம்பரில் அவளுக்கு எண்பத்தெட்டு வயது. கண் மங்கிவிட்டது. அவன் குனிந்து தரையைத் தொட்டபோது, இது யார், குணாவா என்று கேட்டாள். அந்தப் பெயரில் அவனைக் கூப்பிடுவதற்கு வேறு யாருமே மிச்சமில்லை. ஆமாம்மா என்றான்.

"நீ எந்த மூலையைப் பிடிச்ச?"

"தலைமாட்டுல. இடது பக்கம்."

"கனமா இருந்தானா?"

குணசீலன் யோசிக்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தவன் போலச் சொன்னான். முதல் நாளுக்கு அப்புறம் நாற்பதாவது நாள் வரைக்கும் கனமே இல்லை, வெறும் பலகையைத் தூக்குகிற மாதிரிதான் இருக்கும், கடைசி நாள் மட்டும் கனத்தான், இரண்டு மைலும் கனத்தான், தோள் எலும்பு விலகிவிட்டது, இன்றைக்கும் அந்தக் கையை மேலே தூக்க வராது என்றான்.

"பொறந்தப்போ ரெண்டு வீசை இருந்தான்" என்றாள் அவள்.

பிறகு கையை நீட்டித் தடவித் தேடி, அவன் தோளைக் கண்டுபிடித்து, எலும்பு புடைத்திருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். சாப்பாட்டுக்கு இலை போட்டாயிற்று என்று கூப்பிட வந்தவர்கள் இருவரையும் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். பாதங்கள் நாற்காலிக்கு அடியிலேயேதான் இருந்தன. கையை அவள் எடுக்கவில்லை.